மண்ணில் என்ன கிடக்கிறது: கதிரியக்க மாசு ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு

கதிரை அளக்கும் டிடெக்டர் பற்றிய பேச்சு பிறகு இருக்கட்டும். முதலில் தடிமனான பிளாஸ்டிக் பைகள், தண்ணீர் பட்டாலும் அழியாத மார்க்கர் பேனா, ஒரு எஃகு ஸ்கேல், கெட்டி அட்டை போட்ட நோட்டு, இந்த நான்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழலில் கிடக்கும் கதிரியக்கத்தை அளக்கும் வேலைக்கு நான் வந்து முப்பது வருடம் ஆகிறது. அத்தனை காலத்தில் தூக்கி எறிய நேர்ந்த மாதிரிகளில் பெரும்பாலானவை பையில் தேதி எழுதாமல், ஆழம் குறிக்காமல், எந்த வயலில் எடுத்தோம் என்று தெரியாமல் வீணானவை. கருவி கெட்டு வீணானவை மிகக் கொஞ்சம்.

நான் குமரி மாவட்டக் கடற்கரையில் பிறந்தவள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் கரையில் கருமணல் பட்டை பட்டையாக ஒதுங்கும். 1909ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டார். மணவாளக்குறிச்சிக்கு மணல் ஆலை வந்தது அதன் தொடர்ச்சிதான். மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. 1993ல் எம்.பில் ஆய்வுக்காக அந்த மணலை நான் அள்ளிக்கொண்டிருந்தபோது, வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். "மக்களே, இந்த மண்ணுல என்ன கெடக்குன்னு சொல்லிட்டுப் போ" என்றார். "அளந்துட்டு வந்து சொல்லுதேன் பாட்டா" என்றேன்.

அளந்தேன். ஆய்வேடு எழுதினேன். அவரிடம் போய்ச் சொல்லவில்லை. அவருடைய கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லக்கூடிய ஆளாக எப்படி ஆவது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

என்ன படித்துவிட்டு வருவது

வேதியியல், இயற்பியல், மண்ணியல், கடலியல், எதைப் படித்தவரும் வரலாம். இயற்பியல் படித்தவர்கள் அமிலத்தைக் கையாளக் கற்றுக்கொள்ள வேண்டும். வேதியியல் படித்தவர்கள் புள்ளியியலோடு சண்டை போட்டாக வேண்டும். முதுகலை முடித்து நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் சுலபம். அணு அறிவியல் ஆராய்ச்சி வாரியம் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் திட்டங்களிலும் ஆய்வு மாணவர்களுக்கு இடம் இருக்கும். மங்களூர் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் கதிரியக்கத்துக்கு என்றே ஒரு மையம் இருக்கிறது. கல்பாக்கம், கூடங்குளம், கைகா போன்ற அணுமின் நிலையங்களுக்குப் பக்கத்தில் சுற்றுச்சூழல் ஆய்வகங்கள் இயங்குகின்றன.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். அவருடைய அறையில் பேசி முடித்ததும், "மாதிரி வைக்கும் அலமாரியைப் பார்க்கலாமா சார்?" என்று கேளுங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய டப்பாவை எடுத்து, அது எங்கிருந்து வந்தது என்று அங்கே யாராலாவது சொல்ல முடிந்தால் அந்த ஆய்வகத்தில் சேரலாம்.

அப்புறம், கட்டுரை படிக்கும்போது செய்முறைப் பகுதியை முதலில் படியுங்கள். அதன் வலிமைக்கு எனக்குத் தெரிந்த பெரிய சாட்சி ஷோரஸ் மெத்வெதேவ் என்ற சோவியத் உயிரியலாளர். 1957 செப்டம்பர் 29ல் யூரல் பகுதியில், மாயக் அணு ஆலையில் கழிவுத் தொட்டி ஒன்று வெடித்தது. சோவியத் அரசு அதை மூடி மறைத்தது. 1976ல் இங்கிலாந்திலிருந்து மெத்வெதேவ் அதைப் பற்றி எழுதியபோது பெரிய அணு விஞ்ஞானிகளே நம்பவில்லை. அவர் சோவியத் ஆய்விதழ்களையே எடுத்து உட்கார்ந்தார். கதிரியக்க ஸ்ட்ரான்சியமும் சீசியமும் ஏறிய மீன்கள், செடிகள், விலங்குகள் பற்றி எத்தனையோ கட்டுரைகள். எந்த இடம் என்று மட்டும் எழுதவில்லை. எந்தெந்த உயிரினங்கள், எவ்வளவு மீன் பிடிக்கப்பட்டது, எந்த வருடம் என்பதை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, இது தெற்கு யூரல், இது சோதனைக்காகக் கொட்டிய அளவு அல்ல, பெரிய விபத்து என்று நிறுவினார். மற்றவர்கள் தாண்டிப் போகும் பத்திகளில்தான் அவருக்கு விடை கிடைத்தது.

மண் எடுப்பது

இதைத்தான் நீட்டிச் சொல்லப்போகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் உங்கள் கேள்வி என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள். "இந்த ஊரில் கதிரியக்கம் இருக்கிறதா?" என்பது கேள்வியே இல்லை, எல்லா ஊரிலும் இருக்கிறது. இயற்கைப் பொட்டாசியத்தின் ஒவ்வொரு கிராமிலும் வினாடிக்கு சுமார் 31 அணுச் சிதைவுகள் நடக்கின்றன. உங்கள் உடம்பிலும் அது உண்டு. "1950களிலும் 60களிலும் நடந்த குண்டுச் சோதனைகளின் சீசியம் இந்தத் தேயிலைச் சரிவில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது?" என்பது கேள்வி. கேள்வி மாறினால் மண் எடுக்கும் விதமும் மாறும்.

சீசியம்-137 மழையோடு மண்ணில் இறங்கியதும் களிமண் துகள்களின் அடுக்குகளுக்குள் புகுந்து சிக்கிக்கொள்கிறது. இல்லைட் என்ற களிமண் கனிமம் அதை விடவே விடாது. அதனால் கலைக்கப்படாத நிலத்தில் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் பெரும்பகுதி மேல்மண்ணில் சில சென்டிமீட்டருக்குள்ளேயே கிடக்கும். நீலகிரியில் சோலைக்குப் பக்கத்தில் யாரும் உழாத புல்வெளியைத் தேடிப் பிடித்து அதை ஒப்பீட்டு இடமாக வைத்தோம். அங்கே ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு இருக்கிறது, தேயிலைச் சரிவில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், இத்தனை வருடத்தில் எவ்வளவு மண் அரித்துப் போயிருக்கிறது என்று கணக்கிடலாம். குண்டின் சாம்பல் மண் அரிப்புக்கு அளவுகோலாகிவிடுகிறது.

அந்த ஒப்பீட்டு இடத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு கோடைக்காலம் ஆனது. வரைபடம் உதவாது. அங்கே மாடு மேய்க்கிறவர்களிடம் கேட்க வேண்டும். "இங்க உருளைக்கிழங்கு போட்டாங்களே, எங்க அப்பா காலத்துல" என்று ஒருவர் சொன்ன ஒரு வார்த்தையில் ஒரு வாரத்து வேலையைத் தூக்கிப் போட்டோம்.

இடம் முடிவானதும் இப்படிச் செய்யுங்கள். புல்லைக் கத்தரியால் தரையோடு வெட்டித் தனிப் பையில் போடுங்கள். அளந்த பரப்புள்ள சட்டத்தை, உதாரணமாக 20 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர், மண்ணில் பதியுங்கள். மேலிருந்து இரண்டு இரண்டு சென்டிமீட்டராகச் சுரண்டி எடுங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் கரண்டியைத் துடையுங்கள். துடைப்பது சுத்தத்துக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மேல் மண்ணில் ஆயிரம் பங்கும் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு பங்கும் இருந்தால், மேலிருந்து விழும் ஒரு சிட்டிகை மண் கீழ் அடுக்கின் எண்ணை இரண்டு மடங்காக்கிவிடும். அதை வைத்து "சீசியம் ஆழத்துக்கு இறங்குகிறது" என்று ஒரு தவறான கட்டுரை எழுதிவிடலாம். குழாய் இறக்கி மண் எடுத்தால், குழாயின் சுவரோடு உரசிய வெளி ஓரத்தைச் சீவி எறிந்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே குழியோடு நிறுத்தாதீர்கள். ஒரு மரத்தடியில் பட்டை வழியாக வழிந்த மழைநீர் இறங்கும் இடமும், இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் திறந்த இடமும் இரண்டு மூன்று மடங்கு வேறுபடுவதை, 2011ல் அணு உலை விபத்து நடந்த ஜப்பானின் ஃபுகுஷிமா காடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். குறைந்தது ஐந்து குழிகள், முடிந்தால் பத்து.

பையில் எழுத வேண்டியவை: இடம், ஜிபிஎஸ் எண், ஆழம், பரப்பு, தேதி, நேரம், எடுத்தவர் பெயர். அதே விவரத்தை நோட்டிலும் எழுதுங்கள். கைபேசியில் மட்டும் வைத்திருந்த விவரங்களோடு ஒரு மாணவரின் கைபேசி ஓடையில் விழுந்தது. அன்றிலிருந்து நோட்டு இல்லாமல் யாரையும் நான் வண்டியில் ஏற்றுவதில்லை.

ஆய்வகத்துக்கு வந்ததும் எடை பாருங்கள், 105 டிகிரியில் காய வையுங்கள், மறுபடி எடை பாருங்கள், 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலியுங்கள். பொலோனியம் அளக்கப்போகிறீர்கள் என்றால் சூடாக்காதீர்கள், அது ஆவியாகிப் போகும். செடிகளைச் சாம்பலாக்கும்போது 450 டிகிரியைத் தாண்டினால் சீசியமும் போய்விடும்.

ஈர எடையையும் காய்ந்த எடையையும் இரண்டையும் எழுதி வைக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஜப்பானில் 2012 ஏப்ரல் முதல் பொதுவான உணவுக்கு வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல் (வினாடிக்கு ஒரு சிதைவு என்பது ஒரு பெக்கரல்). அது சாப்பிடும் நிலையில் உள்ள எடைக்குச் சொல்லப்பட்டது. காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். காய்ந்த எடையில் 800 என்று வரும் காளான், பறித்த நிலையில் 80தான். இந்த இரண்டு எண்களையும் போட்டுக் குழப்பிய ஒரு அட்டவணை ஒரு மலைக் கிராமத்தில் கையிலிருந்து கைக்குப் போய், ஒரு பாட்டி தான் பதப்படுத்தி வைத்திருந்த வருடத்துச் சேமிப்பு முழுவதையும் குழி தோண்டிப் புதைத்ததை நான் பார்த்தேன். அவருக்கு உண்மையில் ஆபத்தாக இருந்தது கோஷியாபுரா மரத்தின் இளந்தளிர். அது சீசியத்தை அவ்வளவு ஆசையாக உறிஞ்சும். அதை அவர் வசந்தத்தில் பறித்துப் பொரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

எண்ணும் அறை

சீசியம்-137, பேரியம் வழியாகச் சிதையும்போது 661.7 கேஇவி (கதிரின் ஆற்றலுக்கான அலகு) ஆற்றலில் காமாக் கதிரை வெளியிடுகிறது. நூறு சிதைவுக்கு எண்பத்தைந்து முறை. சீசியம்-134க்கு 604.7, 795.9. பொட்டாசியம்-40க்கு 1460.8. தோரியத் தொடரின் தாலியம்-208க்கு 583.2, 2614.5. யுரேனியத் தொடரின் பிஸ்மத்-214க்கு 609.3. இந்த எண்களை மனப்பாடம் செய்யுங்கள். எந்த ஆற்றலில் எத்தனை கதிர் வந்தது என்று காட்டும் ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்த மாத்திரத்தில் பழகிய முகங்களைப் போல அவை தெரிய வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், எங்கள் கடற்கரையிலேயே ஒரு சம்பவம் நடந்தது. ஒரு தனியார் ஆய்வகம் கடலோர கிராமத்து மணலில் சீசியம் இருப்பதாக அறிக்கை கொடுத்துவிட்டது. ஊரே கலங்கிப்போனது. மீன் விற்க முடியவில்லை. அவர்கள் பயன்படுத்தியது சோடியம் அயோடைடு டிடெக்டர். 662 கேஇவியில் அதன் பிரிதிறன், அதாவது நெருங்கிய ஆற்றல்களைப் பிரித்துக் காட்டும் திறன், சுமார் 7 விழுக்காடு, அதாவது 46 கேஇவி அகலம். ஒவ்வொரு உச்சியும் அவ்வளவு அகலமாகப் பரவும்போது தாலியத்தின் 583, பிஸ்மத்தின் 609, 665 எல்லாம் ஒன்றோடொன்று கலந்து சீசியம் மாதிரி ஒரு மேடு தெரியும். அதே மணலை ஜெர்மானியம் டிடெக்டரில் வைத்தோம். அதற்குப் பிரிதிறன் ஒன்றரை கேஇவி அளவு. 661.7ல் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் 665ல் பிஸ்மத்தின் சின்ன உச்சி தெளிவாக நின்றது. அந்த வித்தியாசத்தை ஊர்க்காரர்களிடம் விளக்க எங்களுக்கு மூன்று கூட்டம் தேவைப்பட்டது. பயத்தைக் கிளப்ப ஒரு பக்க அறிக்கை போதுமானதாக இருந்தது.

ஜெர்மானியம் டிடெக்டர் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் குளிர்ந்தபடி இருக்க வேண்டும். தீபாவளியோ பொங்கலோ, நைட்ரஜன் நிரப்பும் நாள் தள்ளிப்போகக் கூடாது. சுற்றிலும் பத்து சென்டிமீட்டர் ஈயம். ஈயத்தில் கதிர் பட்டுக் கிளம்பும் எக்ஸ் கதிரைத் தடுக்க உள்ளே செம்புத் தகடு. வாரம் ஒருமுறை காலி டப்பாவை வைத்துப் பின்னணியை, அதாவது மாதிரி இல்லாமலே வரும் எண்ணிக்கையை, எண்ணுங்கள். ஒருமுறை எங்கள் பின்னணியில் 2614 உச்சி திடீரென்று உயர்ந்தது. கருவியை இரண்டு நாள் நோண்டினோம். கடைசியில் பார்த்தால் அடுத்த அறையில், சுவரை ஒட்டி, கருமணல் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

ரேடியம் அளக்க வேண்டுமென்றால் டப்பாவைக் காற்றுப் புகாமல் அடைத்து நான்கு வாரம் காத்திருங்கள். ரேடியத்திலிருந்து பிறக்கும் ரேடான் வாயுவின் அரைவாழ்வு (பாதியாகக் குறைய ஆகும் காலம்) 3.82 நாள், அது வெளியே போகாமல் உள்ளேயே சேர்ந்து சமநிலைக்கு வரவேண்டும். அவசரப்பட்டால் எண் குறைவாக வரும்.

தேதியைக் கணக்கில் எடுக்காமல் எந்த எண்ணையும் எழுதாதீர்கள். ஃபுகுஷிமாவிலிருந்து 2011 மார்ச்சில் வெளியேறியபோது சீசியம்-134ம் 137ம் ஏறக்குறைய சம அளவு. 134க்கு அரைவாழ்வு சுமார் இரண்டு வருடம், 137க்கு முப்பது. ஐந்து வருடம் கழித்து அந்த விகிதம் 0.2க்கு இறங்கிவிட்டது. இதை வைத்தே ஒரு சீசியம் எங்கிருந்து வந்தது என்று சொல்லலாம். அந்த வருடங்களில் ஜப்பானிய மண்ணில் 134 கொஞ்சமும் இல்லாமல் 137 மட்டும் தென்பட்டால், அது பழைய குண்டுச் சோதனைகளின் மிச்சமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு எச்சரிக்கை: 134 ஒரே சமயத்தில் இரண்டு கதிர்களை விடுவதால், மாதிரியை டிடெக்டரை ஒட்டி வைக்கும்போது சில எண்ணிக்கைகள் தொலைந்துபோகும். அதற்குத் திருத்தம் போடாவிட்டால் விகிதம் பொய் சொல்லும்.

ஸ்ட்ரான்சியம்-90 வேறு உலகம். அது காமா விடாது. அமிலத்தில் கரைத்து, பிரித்து, அதன் மகவான இட்ரியம்-90 சேரும்வரை இரண்டு வாரம் காத்திருந்து பீட்டாவை எண்ண வேண்டும். பாலில், பல்லில், எலும்பில் கால்சியம் போகும் இடமெல்லாம் அது போகும். கையால் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. தெரிந்த ஒருவர் பக்கத்தில் ஆறு மாதம் நில்லுங்கள். எழுதிக் கற்றுத்தர முடியாது.

"இல்லை" என்று எழுதுவது

புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் இது. எதுவும் தென்படாவிட்டால் பூஜ்யம் என்று எழுதிவிடுகிறார்கள். பூஜ்யம் என்று எந்தக் கருவியும் சொல்லாது. "இதற்கு மேல் இருந்தால் என் கருவிக்குத் தெரிந்திருக்கும்" என்றுதான் சொல்ல முடியும். 1968ல் லாயிட் கர்ரி என்ற வேதியியலாளர் கொடுத்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: பின்னணி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 4.65ஆல் பெருக்கி 2.71ஐக் கூட்டுங்கள். உச்சிக்குக் கீழே பின்னணி 400 என்றால் வர்க்கமூலம் 20. விடை சுமார் 96 எண்ணிக்கை. அரை கிலோ மண், 80,000 வினாடி, டிடெக்டரின் திறன் 2 விழுக்காடு (நூறு கதிரில் இரண்டை எண்ணும்) என்று வைத்தால், சீசியத்துக்கு அது கிலோவுக்கு 0.14 பெக்கரல். ஆகவே "0.14க்குக் கீழே" என்று எழுதுங்கள். படிக்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய செய்தி தெரியுமா? தன் கிணற்றடி மண்ணைக் கொண்டுவந்த அம்மாவிடம் "ஒன்றும் இல்லை" என்று சொல்வதும், "நாங்கள் இவ்வளவு நுட்பமாகத் தேடினோம், அதற்கு மேல் இல்லை" என்று சொல்வதும் ஒன்றா?

எண்ணோடு பிழை வரம்பையும் எழுதுங்கள். நூறு எண்ணிக்கைக்கு பத்து விழுக்காடு, பத்தாயிரத்துக்கு ஒரு விழுக்காடு. இது இயற்கையின் கணக்கு. இதோடு எடை, திறன், மாதிரியின் அடர்த்தி எல்லாவற்றின் பிழையும் சேரும்.

உங்கள் எண்ணை இன்னொருவரிடம் கொடுங்கள்

1954 மார்ச் 1ல் அமெரிக்கா பிகினி தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், டைகோ ஃபுகுர்யு மாரு என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகின் மீது விழுந்தது. அதில் இருந்த 23 பேருக்கும் கதிர்வீச்சு பாதிப்பு. அதற்குப் பிறகு ஜப்பானிய அரசு கடல்நீரை அளக்கச் சொன்னது. அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர் கட்சுகோ சருஹாஷி. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண், 1957ல். கடல்நீரில் சீசியம் மிக மிகக் குறைவு; லிட்டர் கணக்கில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு துளியைத் தேடும் வேலை. ஜப்பான் பக்கத்துக் கடலில் அமெரிக்க மேற்குக் கரையைவிட அதிகம் இருப்பதாக அவருடைய குழுவின் எண்கள் காட்டின. அமெரிக்கர்கள் அந்த எண்களைச் சந்தேகித்தார்கள். 1962ல் அவர் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்துக்குப் போய், தியோடர் ஃபோல்சம் என்ற விஞ்ஞானியோடு ஒரே தண்ணீரை இரண்டு முறைகளிலும் அளந்து பார்த்தார். அவருடைய முறை துல்லியமானது என்று அங்கே உறுதியானது.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கதை இதுதான். அவர் வாதாடப் போகவில்லை. தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார்.

நீங்களும் அதைச் செய்யலாம். சர்வதேச அணுசக்தி முகமை ஒப்பீட்டு மாதிரிகள் தருகிறது. தோரியத்துக்கு ஆர்ஜிடிஎச்-1, கிலோவுக்கு 3250 பெக்கரல், யுரேனியத்துக்கு ஆர்ஜியூ-1. செர்னோபில் சாம்பல் விழுந்த ரஷ்யாவின் பிரையான்ஸ்க் பகுதி மண்ணையும் இப்படித் தயாரித்திருக்கிறார்கள். விடை தெரியாத மாதிரியை அனுப்பி உங்கள் எண்ணைக் கேட்கும் தேர்வுகளும் உண்டு. ஆய்வு தொடங்கிய முதல் வருடத்திலேயே ஒன்றில் கலந்துகொள்ளுங்கள். தோற்றால் மறைக்காதீர்கள். என் முதல் தேர்வில் ஈயம்-210 தவறியது. அதன் கதிர் 46.5 கேஇவி, மிகவும் பலவீனமானது. மண்ணே அதை விழுங்கிவிடுகிறது. அடர்த்தித் திருத்தம் போடாமல் விட்டிருந்தேன். அந்தத் தோல்வி கற்றுக்கொடுத்ததை எந்த வகுப்பும் கற்றுக்கொடுக்கவில்லை.

அங்கே வாழ்கிறவர்களிடம் கேளுங்கள்

1986 ஏப்ரல் 26ல் செர்னோபில் அணு உலை வெடித்த பிறகு, மே மாத மழையோடு சீசியம் பிரிட்டனின் வேல்ஸ், கம்பிரியா மலைகளில் இறங்கியது. ஆட்டிறைச்சியில் கிலோவுக்கு 1000 பெக்கரலுக்கு மேல் இருந்தால் விற்கக் கூடாது என்று ஜூன் மாதம் தடை போட்டார்கள். முதலில் சொன்னது மூன்று வாரம். களிமண் சீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், புல் சுத்தமாகிவிடும் என்பது கணிப்பு. ஆனால் அந்த மலை மண்ணில் களிமண் எங்கே இருக்கிறது? அது அமிலத்தன்மையுள்ள கரி மண், மட்கிப்போன தாவரம். அங்கே சீசியம் சிக்கவில்லை. மண்ணுக்கும் புல்லுக்கும் ஆட்டுக்கும் இடையே சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசித் தடை 2012ல்தான் நீங்கியது. ஆடு எங்கே மேயும், எந்த மாதம் எந்தச் சரிவுக்குப் போகும், எந்த மண் எப்படி இருக்கும் என்பதெல்லாம் அந்த மேய்ப்பர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களிடம் கேட்க நேரம் ஆனது.

அதனால் எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாள் மண்ணைத் தொடாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மாடு எங்கே போகிறது, விறகு எங்கே எடுக்கிறார்கள், குழந்தைகள் எங்கே விளையாடுகிறார்கள். ஃபுகுஷிமா மாகாணத்தில் பத்தில் ஏழு பங்கு காடு. வீடுகளைச் சுற்றி இருபது மீட்டர் அளவுக்குக் காட்டோரத்தைச் சுத்தம் செய்தார்கள். அதற்கு மேலே இருக்கும் காட்டை யாராலும் துடைக்க முடியாது. ஆனால் மக்கள் வாழ்க்கை அந்த இருபது மீட்டரோடு நிற்பதில்லை. காளானும் தளிரும் விறகும் அதற்கு அப்பால் இருக்கின்றன. இதை எனக்குச் சொன்னது, சேமிப்பைப் புதைத்த அதே பாட்டி. என் கையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் கூட்டிப்போய் மரம் மரமாகக் காட்டினார். எங்கள் மாதிரித் திட்டத்தை அந்த மாலையே மாற்றினோம்.

உங்கள் உடம்புக்கு: உடம்பு வாங்கும் கதிர்வீச்சைப் பதியும் டோஸ் பேட்ஜ் அணியுங்கள், களத்தில் சாப்பிடாதீர்கள், கையுறையை மாற்றுங்கள், பூட்ஸை ஆய்வகத்துக்குள் கொண்டுவராதீர்கள். மணிக்கு 2 மைக்ரோசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு) உள்ள காட்டில் ஆறு மணி நேரம் நின்றால் 12 மைக்ரோசீவர்ட். கணக்கு எழுதி வையுங்கள், பயப்படத் தேவையில்லாத நாட்களிலும்.

திரும்பிப் போவது

முடிவு வந்ததும் கட்டுரை அனுப்புவதற்கு முன்னால் ஊருக்கு அனுப்புங்கள். ஒரே தாள். அவர்கள் மொழியில். எண், பிழை வரம்பு, எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, இன்னும் அளக்காதது என்ன. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நம்பிக்கை அந்த வரியில்தான் பிறக்கிறது.

நான் அப்படிச் செய்ய இருபத்தாறு வருடம் தாமதமானது. 2019ல் அந்தக் கடற்கரைக்குத் திரும்பிப் போனேன். பெரியவர் இறந்துவிட்டிருந்தார். அவருடைய மகன் வீட்டு முற்றத்தில் பாய் விரித்தார். தாளைக் கொடுத்தேன். இந்த மண்ணில் கிடப்பது தோரியம், மோனசைட்டோடு வந்தது, மலையிலிருந்து ஆறும் கடலும் கொண்டுவந்து சேர்த்தது. கறுப்பாகத் தெரிவது இல்மனைட் என்ற வேறொரு கனிமம். மோனசைட் மஞ்சள் கலந்த பழுப்பு. அணு விபத்துகளின் சீசியத்தைத் தேடினோம். எங்கள் அளவு வரம்புக்கு மேல் இல்லை. கேரளத்தில் கருநாகப்பள்ளியில் இதே போன்ற மணலில் வாழும் சுமார் எழுபதாயிரம் பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில் கூடுதல் புற்றுநோய் தென்படவில்லை என்று 2009ல் வெளியானது. அது அந்த ஊர்க் கணக்கு. உங்கள் தெருவில் அப்படி யாரும் இன்னும் கணக்கெடுக்கவில்லை. இதையும் எழுதியிருந்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார். "சரி அக்கா, மண்ணு இது. கெணத்துத் தண்ணி?"

தாளின் கடைசி வரியில் அதுதான் இருந்தது. வண்டியிலிருந்து பாலிதீன் பாட்டிலை எடுத்து வந்தேன். கிணற்றுத் தண்ணீர் எடுக்கும்போது அதே தண்ணீரால் மூன்று முறை பாட்டிலை அலசுங்கள். வாளியை இறக்கி மேலே மிதப்பதைத் தவிர்த்து எடுங்கள். நிரப்பியதும் நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 2க்குக் கீழே கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் ரேடியமும் யுரேனியமும் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், உங்களுக்குத் தண்ணீர் சுத்தம் என்று தெரியும். அமிலம் விட்ட அளவையும் குறியுங்கள். மூடியை இறுக்கிவிட்டு மார்க்கரை எடுத்தேன். "குடுங்க, நானே எழுதுதேன்" என்று வாங்கிக்கொண்டார். கிணற்றின் பெயர், ஆழம், தேதி, காலை 10.40, தன் பெயர். எழுத்து அழிகிறதா என்று ஈரக் கையால் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.